தடுப்புக்கு இந்தப் பக்கம்

அன்று காலை நான் பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி உள்ளே வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் என் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஒரு பக்கமா சாய்ஞ்சு நிக்குது. ஊருக்கெல்லாம் கண்ணாடி செஞ்சு தர்ற ஆளு மூஞ்சியில இப்படியா இருக்கும்? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"பார்க்கிறவங்க உன்னைத்தானே பார்க்கிறாங்க. நான் தடுப்புக்குப் பின்னாடி கிடக்கேன்."

"வாய் மட்டும் கோணாம வருது."

சின்னத் திருப்புளியால் காதில் மாட்டும் கம்பியின் திருகை இறுக்கினாள். கம்பியைக் கொஞ்சம் வளைத்தாள். திரும்ப மாட்டிவிட்டு, சற்றுப் பின்னால் போய் நின்று, சுவரில் படம் மாட்டியவள் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு மேலங்கிப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தாள். கண்மணிக்கும் கண்மணிக்கும் நடுவே உள்ள தூரத்தை அளக்கிற சின்ன ஸ்கேல்.

"உட்காருங்க. அப்படியே அளவும் எடுத்துடறேன். உங்களுக்குப் புதுசா ஒண்ணு போட்டுடலாம்."

"என் அளவு எனக்குத் தெரியாதா? அறுபத்து மூணு. அது மாறாது."

"மாறாதுதான்" என்றாள். ஆனால் ஸ்கேலை உள்ளே வைக்கவில்லை. மெஷினில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "சரி. சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியருக்கான கண்ணாடிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அந்த ஆசிரியர் மாடியில் குடியிருந்தார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. படி திரும்புகிற இடத்தில், மூச்சு வாங்குகிறவர்கள் உட்காருவதுபோலத்தான் உட்கார்ந்தாள் என்று எதிர்வீட்டு அம்மாள் சொன்னார். தண்ணீர் கொண்டுவந்து பார்த்தபோது சுவரில் சாய்ந்திருந்தாளாம், மூச்சு நின்றிருந்ததாம். நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டி மடியிலேயே இருந்தது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் கடை நீளமானது, ஆனால் அகலமில்லை. நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு. முன்பக்கம் அவளுடையது: ஃபிரேம்கள், மேசை, எதிரெதிராக இரண்டு முக்காலிகள். பின்பக்கம் என்னுடையது: மெஷின், தண்ணீர், லென்ஸ் தூள். தடுப்பு கூரைவரை போகாது. அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

அவள் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டது பல வருஷங்களுக்கு முன்னால், ஆஸ்பத்திரியில். அறுவை சிகிச்சைக்குப் படுத்திருந்தபோது பக்கத்துக் கட்டில்காரி ஒருத்தி சொன்னாளாம். வீடு திரும்பியதும் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இனிமே ஞாயிற்றுக்கிழமை காலையில நான் சபைக்குப் போயிட்டு வரட்டுமா?"

"போயிட்டு வா. கொண்டுபோய் விடறேன்."

எங்களுக்குள் அந்த விஷயத்தில் நடந்த மொத்தப் பேச்சும் அவ்வளவுதான். எனக்கு எந்தச் சாமியோடும் சண்டை கிடையாது, கொண்டாட்டமும் கிடையாது. ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவேன். கேட்டருகே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். பாட்டுச் சத்தம் கேட்கும். முடிந்ததும் கூட்டிக்கொண்டு வருவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் முகமே சரியில்லை. அடுப்பில் பாலைப் பொங்கவிட்டாள். அக்காவுக்குப் போன் போட்டு, "இயேசுவைப் பத்தி எல்லாருக்கும் போய்ச் சொல்லணும்னு கட்டளையே இருக்காம்க்கா. எனக்கு நாலு பேர் நடுவுல நின்னா நாக்கு ஒட்டிக்குது. நான் யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?" என்று அழாத குறையாகப் பேசினாள். கொஞ்ச நாள் சபையில் கொடுத்த துண்டுப்பிரதிகளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். ஒன்றைக்கூட யாரிடமும் நீட்டவில்லை. பை கனமானதுதான் மிச்சம்.

பிறகு ஒரு நாள் வழியைக் கண்டுபிடித்துவிட்டாள். கண்ணளவு எடுக்கும்போது வாடிக்கையாளர் நேருக்கு நேர் உட்கார வேண்டும். அளப்பவர் ஒரு கண்ணை மூடி, ஸ்கேலை மூக்கின்மேல் வைத்து, ஒரு கண்மணியில் பூஜ்யக் கோட்டைப் பொருத்துவார். பிறகு மூடிய கண்ணைத் திறந்து மற்றதை மூடி, அடுத்த கண்மணி எந்தக் கோட்டில் நிற்கிறதென்று பார்ப்பார். அதுவரை வாடிக்கையாளர் அசையக்கூடாது. இரண்டு கண் சிமிட்டல்களுக்கு நடுவே, அவ்வளவு பக்கத்தில், மனிதர்கள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த இடைவெளியில் அவள் சொல்லிவிடுவாள்.

"உங்களை ஒருத்தர் தேடிக்கிட்டே இருக்கார். தெரியுமா?"

யார் என்று கேட்டால் இயேசுவைப் பற்றிச் சொல்வாள். கேட்காவிட்டால் அளவைக் குறித்துக்கொண்டு, "எந்த ஃபிரேம் பார்க்கிறீங்க?" என்பாள். இரண்டாம் தடவை அழுத்த மாட்டாள். சிலர் முகம் சுளித்தார்கள். ஒருவர் எழுந்து போயே போய்விட்டார். சிலர் அழுதார்கள். அந்தப் பக்கம் யாராவது அழுதால் நான் மெஷினை நிறுத்திவிடுவேன், மரியாதைக்காக.

எங்கள் கடை வாசலில் பெரிய குடை விரித்துச் சாவி வெட்டுகிற ஒருவர் இருக்கிறார். அடிக்கடி கண்ணாடியை உடைத்துக்கொண்டு வருவார் என்பதால், அவள் அதிகமாகச் சொன்னது அவரிடம்தான். "மூக்குமேல ஸ்கேலை வெச்சுக்கிட்டு மோட்சத்தைப் பத்திக் கேட்டா, வேணாம்னு தலையாட்ட முடியுமா? ஆட்டினா அளவு தப்பிப்போகும்" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். அவரை ஒருவர் தேடுகிறார் என்று அவள் சொன்னால் ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "குடைக்குக் கீழேதான் இருக்கேன், வந்து பார்க்கச் சொல்லுங்கம்மா."

எனக்கு அவள் அளவு எடுத்ததே இல்லை. லென்ஸ் தேய்க்கிறவன் தன் அளவைத் தானே எடுத்துக்கொள்வான். அது பற்றி நான் யோசித்ததும் இல்லை, போதகர் வீட்டுக்கு வரும்வரை.

அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து அவர் வந்தார். சின்ன வயதுக்காரர், நல்ல மனிதர். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு நினைவுக் கூட்டம் வைத்திருப்பதாகச் சொன்னார். "அவங்க மூலமா கர்த்தரை அறிஞ்சவங்க ரெண்டு மூணு பேர் சாட்சி சொல்றாங்க. முதல்ல நீங்க சொல்லணும் ஐயா. முதல்ல உங்களுக்குத்தானே சொல்லியிருப்பாங்க."

"எனக்கு அவ சொன்னதில்லீங்க."

நான் அடக்கமாகப் பேசுவதாக நினைத்து அவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட இல்லை."

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு முகம் தெளிந்தது. "ஐயா, வேதத்துல மனைவிமாருக்கு ஓர் ஆலோசனை இருக்கு. புருஷன் விசுவாசத்துக்கு வராதவரா இருந்தா அவர்கிட்ட வாயால போதிக்க வேண்டாம், அவங்க நடந்துக்கிற விதமே போதும், அதைப் பார்த்தே வருவார்னு. உங்க வீட்டம்மா அதைத்தான் செஞ்சிருக்காங்க. நான் வாரத்துக்கு ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்றேன். அவங்க உங்களுக்கு வாழ்நாள் பூராவும் பண்ணியிருக்காங்க."

ஆறுதலாகத்தான் சொன்னார். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதன்பிறகு எனக்கு எதுவும் ஓடவில்லை.

பல்வலியில் நான் சுருண்டு கிடந்தபோது கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளே, அது பிரசங்கமா? என் தம்பி குடித்துவிட்டு வந்து சத்தம் போட்டபோது அவனுக்கும் தட்டு வைத்தாளே, அது? அப்படியானால் கோபத்தில் அந்தத் தட்டை நங்கென்று வைத்தது எதில் சேரும்? என்னோடு பேசாமல் இருந்த நாட்கள்? சட்டையில் பொத்தான் வைத்துத் தைத்துவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள், அப்போது அவள் நெற்றி என் நெஞ்சில் முட்டும். அது யாருக்காக? ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். லென்ஸில் கீறல் இருந்தால் கண்டுபிடித்துவிடுவேன். இதில் எனக்கு எதுவும் பிடிபடவில்லை.

அவள் என்னிடம் நன்றாக நடந்துகொண்டதெல்லாம் என்னை அந்தப் பக்கம் வரவழைக்கத்தான் என்றால், எனக்கென்று சும்மா கொடுத்தது எது? இல்லை, எல்லாம் சும்மா கொடுத்ததுதான் என்றால், முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சொன்ன ஒன்றை எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை? இரண்டில் எதை எடுத்தாலும் கையைச் சுட்டது. இரண்டையும் கீழே வைக்கவும் முடியவில்லை.

கடையைத் திரும்பவும் திறந்த முதல் நாள் இதைச் சாவிக்காரரிடம் கேட்டேன். வேறு யாரிடம் கேட்பது?

"உங்களுக்குச் சொல்லலையா? நல்லா இருக்கே கதை!" என்றார். "என்கிட்ட இயேசுவைப் பத்திச் சொல்றப்பல்லாம் அந்தம்மா தடுப்பைப் பார்த்துத்தான் சொல்லுவாங்க. ஸ்கேலை எடுத்ததும் திரும்பி உட்கார்ந்துக்கிட்டு, காது மந்தமானவன்கிட்ட பேசுற மாதிரி சத்தமா. எனக்குச் சொல்ல அவ்வளவு சத்தம் எதுக்கு? நான் என்ன செவிடனா? உங்களுக்குத்தான் சொன்னாங்க. நான் நடுவுல ஒரு தபால்பெட்டி."

உள்ளே போய் அவள் முக்காலியில் உட்கார்ந்தேன். தடுப்பைப் பார்த்துத் திரும்பினேன். எதிரே என் முகம்தான் தெரிந்தது. ஃபிரேம் போட்டு முகம் பார்க்கிற கண்ணாடியைத் தடுப்பில்தான் மாட்டியிருக்கிறோம். ஸ்கேலை எடுத்ததும் அவள் அந்தப் பக்கம் திரும்பியே ஆகவேண்டும், வாடிக்கையாளர் ஃபிரேமைப் போட்டுத் தன் முகத்தைப் பார்ப்பதற்காக. சத்தமாகப் பேசினாள் என்றால், பின்னால் என் மெஷின் ஓடிக்கொண்டிருந்திருக்கும். மெஷின் ஓடினால் யாரானாலும் சத்தமாகத்தான் பேசவேண்டும்.

வெளியே வந்து அவரிடம் இதைச் சொன்னேன்.

"அதுவும் சரிதான்" என்றார். கொஞ்சநேரம் சாவியை அரத்தில் தேய்த்தார். "ஆனா தினமும் கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்."

"ஒரு வார்த்தை விடாம?"

"ஒரு வார்த்தை விடாம."

"அப்ப, சொன்னதா இல்லையா?"

எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோவில் பாட்டுக் கேட்டவன், பாட்டு தனக்காகப் போடப்பட்டது என்று சொல்லலாமா? ஆனால் பாட்டு முழுக்க மனப்பாடமாகிவிட்டதே. கடைசி நாள் காலை அவள் ஸ்கேலை எடுத்ததையும், சாயங்காலம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னதையும் அவரிடம் சொன்னேன். அவர் வேலை வந்துவிட்டதுபோல ஒரு பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

நினைவுக் கூட்டத்தில் முதன்முறையாகக் கேட்டைத் தாண்டி உள்ளே போனேன். முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். துணி தைக்கிற பெண் ஒருத்தி எழுந்து பேசினாள். "அக்கா ஒத்தைக் கண்ணை மூடினதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சுக்கிட்டு இருக்கும்போதே அந்த வார்த்தையைச் சொன்னாங்க. வீட்டைவிட்டு ஓடிவந்தவ நான். என்னை யாரு தேடப்போறாங்கன்னு நினைச்சுக்கிட்டு இருந்த சமயம்" என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அவள் அழுத நாள் எனக்கு நினைவிருந்தது. அன்று மெஷினை நிறுத்தியிருந்தேன்.

என் முறை வந்தது. எழுந்து நின்றேன். "எனக்கு அவ சொல்லலை" என்றேன். அதற்குமேல் வரவில்லை.

முன்வரிசைப் பெரியவர் ஒருவர், பழக்கதோஷத்தில், உரக்க "ஆமென்" என்றார். எங்கோ ஒரு குழந்தை சிரித்தது. பிறகு பலர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்த இடத்தில் அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாள்.

வெளியே வந்ததும் அவளுடைய அக்கா என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"எல்லார் முன்னாடியும் இப்படியா சொல்லுவாங்க, தம்பி? அவளுக்குப் பயம். 'வர்றவங்க மாட்டேன்னு சொன்னாலும் கண்ணாடியை வாங்கிட்டுப் போயிடுவாங்க, இவர் மாட்டேன்னு சொல்லிட்டா நான் எங்கக்கா போவேன், ஒரே வீட்டுக்குத்தானே வரணும்'னு என்கிட்ட எத்தனை தடவை அழுதிருக்கா தெரியுமா?"

"அப்ப பயந்துதான் சொல்லலையா?"

"ஆமா." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இல்ல, இருங்க. கடைசி மாசமோ என்னமோ வேற மாதிரி சொன்னா. 'எனக்கு இப்ப பயம் போயிடுச்சுக்கா, சொல்லப்போறேன்'னா. நான்தான் சமையல் அவசரத்துல சரியாக் கேட்டுக்கலை. அது உங்களைப் பத்தியா, கீழ்வீட்டு அம்மாவைப் பத்தியான்னு…" என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. "ஞாபகம் வரலையே தம்பி. எவ்வளவு யோசிச்சும் வரலையே."

நான்தான் அவரைத் தேற்றினேன்.

இப்போது முன்பக்க வேலையும் நானே பார்க்கிறேன். வாடிக்கையாளர் வந்தால் மெஷினை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவேன். ஸ்கேலை மூக்கில் வைத்து ஒரு கண்ணை மூடி மற்றதைத் திறக்கும்போது, அந்த இடைவெளி வரும். அங்கே அவள் குரலைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது ஏதோ பல் விழுந்த இடம்போல இருக்கும். நான் வாயை மூடிக்கொண்டு அளவைக் குறித்துக்கொள்வேன். நம்பாத ஒன்றை எப்படிச் சொல்வது? நம்பவில்லை என்பதும் நிச்சயமாகத் தெரியவில்லை. அவள் அப்படிக் கேட்டிருந்தால், யார் என்று கேட்டிருப்பேனா? அதுவும் தெரியவில்லை.

சாவிக்காரர் தன் கண்ணாடிமேல் தானே உட்கார்ந்துவிட்டார். உடைந்த துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார்.

"வேற ஒண்ணு போடுங்க. பூட்டு எது, சாவி எதுன்னு தடவிப் பார்க்க வேண்டியிருக்கு."

முக்காலியில் உட்காரவைத்து ஸ்கேலை வைத்தேன். ஒரு கண்ணை மூடித் திறந்தேன். மற்றதை மூடினேன். அறுபத்தைந்து. ஸ்கேலை எடுத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"முடிஞ்சுதுங்க" என்றேன்.

"எங்க முடிஞ்சுது? அந்த வார்த்தையைச் சொல்லலையே."

"நான் எப்படிங்க சொல்றது? நான் அந்தச் சபை ஆளா?"

"நான் மட்டும் அந்தச் சபை ஆளா? வருஷக்கணக்கா கேட்டிருக்கேன். அது இல்லாம அளவு எடுத்த மாதிரியே இல்ல. சொல்லுங்க சொல்லுங்க, கடையில ஆள் நிக்குது."

திரும்பவும் ஸ்கேலை வைத்தேன். அவர் கண் இவ்வளவு பக்கத்தில் பழுப்பாக, ஓரத்தில் நீர் கோத்துக்கொண்டு இருந்தது. ஒரு கண்ணை மூடித் திறந்தேன்.

"உங்களை ஒருத்தர் தேடிக்கிட்டே இருக்கார். தெரியுமா?"

என் குரல் எனக்கே யாருடையதோபோலக் கேட்டது.

"குடைக்குக் கீழேதான் இருக்கேன்" என்றார் அவர். மீதியைச் சொல்லவில்லை. நான் ஸ்கேலை எடுத்தேன். அவர் சட்டென்று அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"நீங்க இப்படி வந்து உட்காருங்க. அன்னைக்கு அந்தம்மா எடுக்கிறேன்னு சொன்னது பாக்கி நிக்குதில்ல?"

"உங்களுக்குக் கோடே தெரியாதே."

"அதுக்கும் வழியிருக்கு." என் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டார். "பரவாயில்லையே, நேரா நிக்குதே!"

அவள் இறுக்கியது.

அவருக்கு ஒற்றைக் கண்ணை மூட வரவில்லை. மூடினால் இரண்டும் மூடிக்கொண்டன. முயன்று முயன்று முகமெல்லாம் கோணியது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அசையாதீங்க, அளவு தப்பிப்போகும்" என்று அதட்டினார். கடைசியில் உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஸ்கேலை என் மூக்கில் வைத்தார். விரலில் இரும்புத்தூள் வாடை. கண்ணாடி இல்லாததால் எனக்கு அவர் முகம் கலங்கித் தெரிந்தது. யாருடைய முகமாகவும் இருக்கலாம்போல இருந்தது.

பொத்திய கையை எடுத்து மறு கண்ணைப் பொத்தினார். அந்த இடைவெளியில் நான் அசையாமல் இருந்தேன். மூச்சைக்கூட விடவில்லை. எதற்காகக் காத்திருந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அவர் எதுவும் சொல்லவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"அறுபத்து மூணு" என்றார். "சரியா?"

சரிதான். அறுபத்து மூன்றுதான்.